‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தேன்

“இவரு குடிக்கிறாரா இல்லியா, அத்த மட்டும் சொல்லிடுங்க சார். வேற ஒண்ணும் வாணாம்.”

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்தப் பெண் கேட்ட கேள்வி இது. அம்பத்தூரில் அப்போது எனக்கு ஒரு சாயங்கால கிளினிக் இருந்தது. எண்பதுகளின் தொடக்கம், மார்கழி மாதம். ஜன்னலைச் சாத்திவைத்தும் குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

கேட்டவர் தனலட்சுமி. பின்னால் கதவைப் பிடித்தபடி நின்றவர் அவர் கணவர் ஏழுமலை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில், உருக்கிய இரும்பைச் சுமந்துபோய் அச்சில் ஊற்றும் வேலை அவருக்கு. முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். சட்டைக் கையெல்லாம் தீப்பொறி பட்ட ஓட்டைகள்.

“உலையாண்ட நின்னா காலு பின்னுதாம் சார். நாக்கு கொழறுது. குடிச்சுட்டு வந்து கொதிக்கிற இரும்பத் தூக்குறான், நாலு பேர சாவடிச்சுருவான்னு சூப்பர்வைசரு எழுதிக் குட்துட்டாரு. இந்தாளு குடிக்கவே இல்லன்னு சத்தியம் பண்றாரு. நான் யார நம்புறது?”

ஏழுமலை அப்போது ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். “தலைக்குள்ள இன்னாவோ கீது சார். நீங்க பாத்துச் சொல்லுங்க.”

அவர் சொன்னதுதான் சரி. இதை நான் ஒப்புக்கொள்ளப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இந்தத் தொடரில் இதுவரை நான் கெட்டிக்காரனாக இருந்த கதைகளையே எழுதிவருவதாக என் மனைவிக்கு ஒரு குறை. நியாயமான குறைதான். இந்த வாரக் கதையை எழுதச் சொன்னவர் அந்தக் குடும்பத்து மகள்தான். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

குளிரில் நேராக நடந்தவர்

ஏழுமலையை வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தேன். கோடு போட்டதுபோல நடந்தார். திரும்பி வரச் சொன்னேன். வந்தார். மூக்கைத் தொடச் சொன்னேன். தொட்டார். கிட்டே நின்ற எனக்கும் சாராய வாசனை எதுவும் வரவில்லை. ஆனால் சாயங்காலம் டாக்டரைப் பார்க்க வருகிறவன் குடித்துவிட்டா வருவான் என்று நினைத்துக்கொண்டேன்.

முழங்காலில் சுத்தியலால் தட்டினேன். கால் எகிறியது. எகிற வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எகிறியது. அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, பதற்றமாக இருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வருஷம் முன்னால் ஒரு மாதம் கண் மங்கியிருந்ததா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பார்; பின்னால் அவரே சொன்னார்.

சிடி ஸ்கேன் எடுத்து வரச் சொன்னேன். நகரத்துக்கு அலைந்து எடுத்து வந்தார்கள். படத்தைத் தூக்கி டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

“ஒண்ணும் இல்லம்மா. மூளை நார்மல்” என்றேன். “உலைச் சூடு உடம்புல ஏறியிருக்கு. சனிக்கிழமை தவறாம எண்ணெய் தேச்சு, நல்லா வெந்நீர்ல தலைக்கு ஊத்திக்கச் சொல்லுங்க. சூடு தணிஞ்சா சரியாப் போயிடும்.”

நரம்பியலில் மேல்பட்டம் வாங்கியவன் சொன்ன வைத்தியம் இது. படித்தது சீமைப் புத்தகம். வாயில் வந்ததோ தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வது.

தனலட்சுமி நகரவில்லை. “அப்ப குடி?”

எனக்கு அன்று வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். சிரித்துக்கொண்டே சொன்னேன்: “அது ஸ்கேன்ல தெரியாதும்மா. வீட்ல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.”

பட்டறைக்குக் கொடுக்க ஒரு சான்று கேட்டார்கள். நரம்புக் கோளாறு எதுவும் இல்லை, ஸ்கேன் நார்மல் என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஏழுமலை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நல்லதுதான் எழுதியிருக்கிறேன் என்று அவர் நம்பினார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

நமக்கு வராத நோய்

நான் படித்த காலத்தில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய்க்குப் பாடத்தில் ஒரு பக்கம்தான். எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்வோம். மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்புகளுக்கு மேலே ஓர் உறை உண்டு. உடம்பே தன் உறையை அங்கங்கே அரித்துவிடும் நோய் இது. ஒயர் மேல் ரப்பர் போனால் கரண்ட் ஒழுங்காகப் போகாதல்லவா, அப்படி. ஒரு நாள் கண், ஒரு நாள் கால், ஒரு நாள் நாக்கு. வரும், போகும், பிறகு ஒரு கட்டத்தில் போகாமலே தங்கிவிடும்.

“பனி பெய்கிற நாட்டுக்காரன் நோய் இது. பரீட்சைக்குப் படி, வார்டில் தேடாதே” என்பார் எங்கள் பேராசிரியர். நாங்கள் தேடவில்லை. தேடாததால் கிடைக்கவில்லை. கிடைக்காததால் நம் ஊரில் இல்லை என்று அடுத்த வகுப்புக்கும் சொல்லிக்கொடுத்தோம்.

அதே ஒரு பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது. சந்தேகம் இருந்தால் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்ப்பது பழைய நாள் வழக்கம். சூடு ஏறினால் உறை தேய்ந்த நரம்பு வேலை செய்யாமல் நின்றுவிடும். உடம்பு ஆறினால் திரும்பி வரும். இந்த வரியை நான் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். உலை முன்னால் தள்ளாடி, மார்கழிக் குளிரில் நேராக நடந்த மனிதர் என் எதிரிலேயே நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை. வராதது மட்டுமல்ல, வெந்நீரில் குளி என்று வேறு சொல்லியனுப்பினேன்.

ஆவடி டீச்சர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எம்.ஆர்.ஐ. இயந்திரம் நகரத்துக்கு வந்துவிட்டது. சிடியில் தெரியாததெல்லாம் அதில் தெரிந்தது. நான் அதிசயம் பார்க்கப் போகிறவன்போல அடிக்கடி போய் அந்த அறை வாசலில் நிற்பேன்.

அந்த நாட்களில் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு ராணுவத் தளவாட வேலை. டீச்சரின் ஊர்ப் பேச்சு கொஞ்சமும் மாறவில்லை.

“தீவாளி அன்னைக்கு எண்ணெ தேச்சுக் குளிச்சேன் சார். துண்டெடுத்துத் தலையத் துவட்டுதேன், வலது கண்ணு அப்படியே மங்கிட்டு. மத்தியானம் சரியாயிட்டு. பொங்கலுக்கும் இதே கூத்து. எங்க வீட்டுல நான் பண்டிகைக்கு வேலை செய்யாம இருக்க நடிக்கேன்ங்காவ.”

என் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. அன்றே அவரை ஸ்கேனுக்கு அனுப்பினேன். மூளையின் நடுப்பகுதியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். புத்தகத்தில் சீமைக்காரர் தலையில் இருந்த அதே புள்ளிகள், எங்கள் ஆவடி டீச்சர் தலையில்.

அதன் பிறகு எந்த நரம்பு நோயாளி வந்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான். “எண்ணெய் தேய்த்துக் குளித்தால் என்ன ஆகிறது?” ஜூனியர் டாக்டர்கள் முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘நல்லெண்ணெய்’ என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும். அந்தக் கேள்விதான் எனக்கு ஒருவர் பின் ஒருவராக ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தது. குவார்ட்டர்ஸிலிருந்து, பூந்தமல்லியிலிருந்து, வயல் விற்று வீடு கட்டிய பழைய கிராமத்துக் குடும்பங்களிலிருந்து. சாமி வந்தது என்றும், காற்று பட்டது என்றும், வேலைக்கள்ளி என்றும், சோம்பேறி என்றும் பெயர் வாங்கியவர்கள்.

பாடியில் ஒரு கடையில் தகரத்தால் விளக்குப்பெட்டி ஒன்று செய்து வாங்கிச் சுவரில் மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் படங்களை அதில் செருகி, டிரேசிங் காகிதம் வைத்து ஒவ்வொரு புள்ளியையும் பென்சிலால் வரைவேன். ஆறு மாதம் கழித்து அதே ஆளின் புதுப் படத்தை எடுத்து, பழைய காகிதத்தை மேலே வைத்துப் பார்ப்பேன். ஒரு புள்ளி சுருங்கியிருக்கும், வேறு இடத்தில் ஒன்று முளைத்திருக்கும். படம் நிறையப் புள்ளி வைத்திருப்பவர் பஸ் ஏறி வருவார். நாலு புள்ளி உள்ளவர் படுக்கையில் கிடப்பார். இதன் காரணத்தைத் தேடித்தான் என் மீதி உத்தியோகக் காலம் முழுதும் போயிற்று. கட்டுரைகள் எழுதினேன், மேடையேறினேன், சால்வையும் போட்டார்கள்.

ஆனால் டீச்சரின் அந்த முதல் படத்தை மாட்டிய அன்று எனக்குச் சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. கொதிக்கிற இரும்பைத் தூக்கும் ஒருவரின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

பட்டரவாக்கத்தில் தேடியது

பழைய சீட்டுகளைக் குடைந்து விலாசம் எடுத்தேன். பட்டரவாக்கம் ரயிலடிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு. தனலட்சுமி என்னை அடையாளம் கண்டுகொண்டார். தலை பாதி நரைத்திருந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் தைக்கப் போகிறாராம்.

“ஒங்க காயிதத்தப் பாத்துட்டுதான் சார் சீட்டக் கிழிச்சாங்கோ. ஒடம்புல ஒரு கோளாறும் இல்ல, அப்ப குடிதான்னு சொல்ட்டாங்கோ. அவங்க மேல தப்பில்ல.”

என் மேல்தான் தப்பு என்று அவர் சொல்லவில்லை. அது அவருக்கு அப்போது தெரியாது.

ஏழுமலை உள்ளே கயிற்றுக் கட்டிலில் இருந்தார். என்னைப் பார்த்து எழப் போனார், முடியவில்லை. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் காது பழக வேண்டியிருந்தது.

“நீங்க சொன்ன மாறியே ஒரு சனிக்கெழம தவறல சார்” என்றார் தனலட்சுமி. “நானேதான் தேச்சு ஊத்துவேன். ஊத்திட்டு எழுந்தார்னா அப்டியே சாய்வாரு. எனுக்குத் தெரியாம எங்கியோ போய்க் குடிச்சுட்டு வந்து ஒக்கார்றாருன்னு நெனச்சு, இன்னும் ரெண்டு சொம்பு சூடா ஊத்துவேன்.”

வெந்நீரால் நோய் வளராது. அந்த நேரத்துக்குத் தள்ளாட்டம் கூடும், ஆறினால் குறையும், அவ்வளவுதான். மருத்துவப்படி இது உண்மை. ஆனால் வாரத்துக்கு ஒரு முறை, அந்த மனிதரைக் குடிகாரனாக அவர் மனைவி கண் முன்னாலேயே நான் நிறுத்திக் காட்டியிருக்கிறேன்.

மறுவாரம் என் காரிலேயே ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன். இயந்திரத்தின் தடதடப்பில் பலர் பயந்து கத்துவார்கள். ஏழுமலை வெளியே வந்து, “பட்டற மாறியே சத்தம் சார், ஆனா ஜில்லுன்னு கீது” என்றார். அந்த அறை அப்படிக் குளிரும். முக்கால் மணி நேரம் குளிரில் கிடந்தவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை கிட்டத்தட்ட நேராக நடந்தார். பேச்சும் தெளிந்திருந்தது.

தனலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டார். “மிஷினு சரி பண்ணிடுச்சா சார்?”

இல்லை என்று சொல்ல வேண்டியவன் நான்தான். கார் நிற்கும் இடத்துக்கு வெயிலில் இருபது அடி. அதற்குள் அவர் கால்கள் மறுபடி பின்னிக்கொண்டன. தனலட்சுமி அதைப் பார்த்தார்.

படத்தை அவர்களுக்குக் காட்டினேன். ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுச் சொன்னேன். இது நோய், குடி அல்ல. அன்று நான் சொன்னது தவறு. குளிக்கச் சொன்னதும் தவறு. முழுவதையும் சொன்னேன். காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பேன்.

தனலட்சுமி படத்தில் ஒரு புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார். “இதுக்கு மருந்து?”

“இப்போதைக்கு இல்லம்மா.”

“குடியா இருந்தா என்னிக்காவது நிறுத்திடுவாருன்னு இருந்தேன் சார்” என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

அந்தப் படம் பின்னாளில் என்னோடு பல ஊர் மேடைகளுக்கு வந்தது. இவ்வளவு தெளிவான படம் அபூர்வம் என்று பாராட்டினார்கள். அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தமிழில் ஒரு கடிதம்

அடுத்த முறை போனபோது ஏழுமலை என்னிடம் ஒரு கடிதம் கேட்டார். பட்டறைக்கு அல்ல, அது மூடி வருஷமாகிவிட்டது. அவருடைய ஒரே மகள் ரேவதிக்கு.

ரேவதிக்கு முந்தின வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. குடிகாரன் மணையில் உட்கார்ந்து தாரை வார்க்கக் கூடாது என்று தனலட்சுமியின் அண்ணன் பிடிவாதம் பிடித்து, தானே உட்கார்ந்துவிட்டாராம். பெற்றவர் சாப்பாட்டுக் கூடத்தில், இலை போடுகிற இடத்தில் இருந்திருக்கிறார். மேளச் சத்தத்தை வைத்துத் தாலி கட்டியாயிற்று என்று தெரிந்துகொண்டாராம்.

“அவளுக்கு மட்டும் எழுதிக் குடுங்க சார். ஒங்கப்பன் குடிக்கலன்னு. தமிழ்ல எழுதுங்க.”

அதுவரை நான் மருத்துவச் சான்று எதையும் தமிழில் எழுதியதில்லை. மூன்று தாள் வீணாயிற்று. கடைசியில் இவ்வளவுதான் எழுதினேன்: திரு. ஏழுமலைக்கு நரம்பு உறையைத் தாக்கும் நோய் உள்ளது. அவர் தள்ளாடியதும் நாக்குக் குழறியதும் அந்த நோயால்தான், குடியால் அல்ல. முன்பு நான் கொடுத்த சான்று தவறானது.

தபாலில் போட மனம் வரவில்லை. நானே காட்டுப்பாக்கம் போனேன். ரோட்டை ஒட்டிப் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். எங்கே பார்த்தாலும் செங்கல், மணல். மாடியில் ஒரு போர்ஷன். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். ரேவதி மாசமாக இருந்தார்.

நின்றபடியே கடிதத்தைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு அதை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

“எனக்குத் தெரியும் சார்.”

எனக்குப் புரியவில்லை.

“எனக்கு அப்ப ஏழு வயசு இருக்கும். டாக்டரே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு, ஊட்ல இருக்கிறவங்கதான் பாத்துக்கணும்னுட்டாரு, போய் ஒங்கப்பன் வாய மோந்து பாருன்னு அம்மா அனுப்பும். நான் போய் மோந்து பாப்பேன். ஒரு வாசனையும் வராது. வரலம்மான்னு சொல்வேன். அப்பனுக்குப் பரிஞ்சுகினு பொய் சொல்றியான்னு வெளக்குமாத்தால அடிக்கும். மூணு வாட்டி அடி வாங்கினேன். நாலாவது வாட்டி, ஆமாம்மா நாறுதுன்னு சொல்லிட்டேன். அம்மா என்னைக் கட்டிப் புடிச்சுகினு அழுதுச்சு. அதுக்கப்புறம் எப்பக் கேட்டாலும் நாறுதுன்னுதான் சொல்வேன். அத வச்சுதான் சார் மாமா, அக்கம்பக்கம், எல்லாரும் நம்புனாங்க.”

வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும் என்று சிரித்துக்கொண்டே சொன்னவன் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அப்பா கிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். என்னால அவரு மூஞ்சியப் பாத்து சொல்ல முடியாது.”

பட்டரவாக்கத்துக்குத் திரும்பினேன். தனலட்சுமி கம்பெனியிலிருந்து வந்திருக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, ரேவதி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். ஏழுமலை கண்ணை மூடியபடி கேட்டார்.

“தெரியும் சார்” என்றார். “மோந்து பாத்துட்டுப் போவா, நான் பின்னாடியே கதவாண்ட வந்து நிப்பேன். அன்னிக்கு நாறுதுன்னு சொன்னா பாருங்க, அவ ஆத்தாக்காரி என்னாண்ட வந்து கேட்டா. நான் ஆமா குடிச்சேன்னு ஒத்துகினேன். இல்லன்னு சொல்லிருந்தா புள்ளைய மறுபடியும் அடிச்சிருப்பா. அப்புறம் எப்பக் கேட்டாலும் ஒத்துகினேன்.”

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

“அந்தக் காயிதம் எங்க கீது?”

“ரேவதி பீரோல வெச்சிருக்காங்க.”

“வாங்கிக் கிழிச்சுப் போட்ருங்க சார். எம்மேல இருக்க பேரு போவும்னுதான் கேட்டேன். இப்ப அது எம்பொண்ணு பொய் சொன்னான்னு சாட்சி சொல்ற காயிதமா ஆயிப்போச்சு. மாசமா இருக்கிற புள்ள, பீரோவத் தொறக்கிறப்பெல்லாம் அத்தப் பாக்கணுமா? நான் குடிச்சேன்னே இருக்கட்டும்.”

மறுநாள் மறுபடி காட்டுப்பாக்கம் போனேன். அப்பா சொன்னதைச் சொன்னேன். ரேவதி பீரோவைத் திறந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதரைப் பற்றி நான் எழுதிய சரியான சான்று அது ஒன்றுதான். மாடிப்படியில் நின்று அதைக் கிழித்தேன்.